வெயிலில் மட்டும் தெரியும் திரை

ஸ்பிரிட் வாசனை. மருந்துக் கடையில் சின்ன பாட்டிலில் கொடுப்பார்களே, அது. பஞ்சு சுற்றிய குச்சியை அதில் தோய்த்து, கேம் கேசட்டின் அடிவாயில் பல்வரிசையாய் இருக்கும் பித்தளைத் தகடுகளின் மேல் ஓட்டினால் நுனி பச்சையாகத் திரும்பி வரும். உப்புக் காற்று ஊர். இங்கே எந்தப் பித்தளையும் ஒரு மாதத்துக்கு மேல் பித்தளையாக இருப்பதில்லை.

அந்த வாசனை மூக்கில் ஏறியதும் இரண்டு இடங்கள் ஒன்றாக வந்து நிற்கும். ஒன்று, பத்தொன்பது வயதில் என் நண்பன் வீட்டு மொட்டை மாடி. இன்னொன்று, இருபத்தெட்டு வருடம் கழித்து அதே நண்பன் படுத்திருந்த பெரிய ஆஸ்பத்திரிக் கட்டில். ஊசி போடுமுன் தோலில் தடவுவதும் இதே ஸ்பிரிட்தான். கேசட்டைத் துடைக்கும்போதெல்லாம் யாருடைய கையையோ துடைப்பது போல இருக்கும். பிறகு துடைத்து முடித்து மூடிவிடுவேன்.

எனக்கு இப்போது நாற்பத்தொன்பது. தெரிந்தவர்கள் வட்டத்தில் நான் பழைய ரோல் பிளேயிங் கேம்களுக்கு வழி சொல்கிற ஆள். ஒரு பாத்திரத்தை ஏற்றுக்கொண்டு, ஊர் ஊராக நடந்து, குகையில் அடிபட்டு, சத்திரத்தில் படுத்தெழுந்து, நாற்பது ஐம்பது மணி நேரம் ஒரு கதைக்குள் குடியிருக்கிற ஆட்டங்கள். கைபேசிக் குழுவில் வாரம் ஒருவர் புதிதாக வருவார். வணக்கம் சொல்வார். எதிலிருந்து ஆரம்பிப்பது, எந்தக் கையடக்கக் கருவியை வாங்குவது, பழைய அசலா, புதிதாக வரும் சீன நகலா என்று கேட்பார். பதினைந்து வருடமாக இதே கேள்வி. பதினைந்து வருடமாக அதே பதில். ஒரே ஓர் ஆட்டத்தை எடுங்கள். முதலிலிருந்து ஆடுங்கள். அடுத்தவர் பாதியில் பதிந்துவைத்த சேவிலிருந்து தொடராதீர்கள். பையில் அந்த வாள் ஏன் இருக்கிறது என்பதே உங்களுக்குத் தெரியாது.

நன்றி சொல்லிவிட்டு, பத்தாயிரம் ஆட்டம் அடைத்த நகல் ஒன்றை வாங்குவார். ஒவ்வொன்றையும் ஐந்து நிமிடம் திறந்து பார்ப்பார். அடுத்த மாதம் அதே கருவி அதே குழுவில் விற்பனைக்கு வரும். கோபப்பட்ட காலம் ஒன்று இருந்தது. இப்போது கட்டைவிரல் தானாகப் பதில் அடிக்கிறது. நான் வேறெங்கோ இருக்கிறேன்.

நண்பனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவன் அப்பா சொல்தா. பிரெஞ்சு ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர்களை இந்த ஊரில் அப்படித்தான் சொல்கிறோம். பிரான்சிலேயே தங்கிவிட்ட சித்தப்பா ஒரு லீவுக்கு வந்தபோது, செங்கல் கனத்தில் சாம்பல் நிறக் கையடக்கக் கருவி ஒன்றையும் ஒரே ஒரு கேசட்டையும் கொண்டுவந்து கொடுத்தார். ஆட்டம் முழுக்கப் பிரெஞ்சு. நண்பனுக்கு மொழி தெரியும், எனக்குத் தெரியாது. அவன் வாய்விட்டுச் சொல்லச் சொல்ல, கத்தி, கேடயம், விஷமுறிவு, சத்திரம் என்று நானும் ஒரு முப்பது சொல் பொறுக்கிக்கொண்டேன். "நீ பாரிசுக்குப் போனா விஷமுறிவு மட்டும்தான்டா கேட்டு வாங்குவ" என்பான்.

அந்தக் கேசட்டில் ஒரு சேவுக்குத்தான் இடம். சத்திரத்தில் படுத்தால், அதுவரை நடந்ததெல்லாம் உள்ளே பதிந்துகொள்ளும். வேறொருவர் புதிதாக ஆரம்பித்து ஒருமுறை சத்திரத்தில் படுத்தால் போதும், பழையது இருந்த இடம் தெரியாமல் போய்விடும். கேசட்டுக்குள் பொத்தான் அளவில் ஒரு பேட்டரி இருக்கிறது. அத்தனை நினைவையும் காப்பது அது. என்றைக்கு வேண்டுமானாலும் சாகலாம். நகல் எடுத்து வைக்க வழி உண்டு. குழுவில் நானே பலருக்குச் சொல்லியிருக்கிறேன். எனக்காக மட்டும் செய்ததில்லை. நாளைக்கு, நாளைக்கு என்றே போய்விட்டது.

நண்பன் அந்த ஆட்டத்தை முடிக்கவேயில்லை. கடைசிக் கோட்டைக்கு எதிரே ஒரு சத்திரம். அதன் வாசலில் தன் ஆளைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டான். கல்யாணம் ஆகி, மகள் பிறந்து, அவள் படித்து வேலைக்கு பிரான்சுக்குப் போய், இத்தனை காலமும் ஞாயிற்றுக்கிழமை ஆனால் அந்தக் கருவியை எடுப்பான். பக்கத்துக் காட்டில் சுற்றுவான், சண்டை போடுவான், இன்னும் கொஞ்சம் பலம் ஏற்றிக்கொண்டு திரும்பி வந்து சத்திரத்தில் படுப்பான். கோட்டைக்குள் போக மாட்டான். ஏன்டா என்றால், உள்ளே போனால் முடிந்துவிடும் என்பான். கடைசியாக ஆஸ்பத்திரியில் அதை என் கையில் வைத்தான். "இத அழிச்சிடாம வச்சிரு. வேற ஒண்ணும் வேணாம்" என்றான். அடுத்த வாரம் அவன் இல்லை.

இரண்டு வருடமாக மூலக்குளத்தில் என் மாடி அறையில் அது இருந்தது. மாதம் ஒருமுறை துடைப்பேன். கருவியில் போட்டு இயக்குவேன். இருநூற்றுப் பதினோரு மணி நேரம் என்று காட்டும். சத்திர வாசலில் அவன் ஆள் நிற்பான். பார்த்துவிட்டு அணைத்துவிடுவேன்.

அவன் மனைவி அதே பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். வில்லியனூர் தாண்டி ஒரு கிராமத்தில் விவசாயக் குடும்பம், வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள். கான்வென்டில் நான்கு வருடம் பிரெஞ்சு படித்தவள். மகள் கூப்பிட்டுக்கொண்டே இருந்ததால் வேலையை முன்கூட்டியே விட எழுதிக் கொடுத்திருந்தாள். காகிதமெல்லாம் வந்துவிட்டது, சித்திரை கழிந்து கிளம்ப வேண்டும் என்று சொல்லத்தான் ஒருநாள் என் வீட்டுக்கு வந்தாள். போகும்போது படியில் நின்று, தனக்கும் ஒரு வீடியோ கேம் பார்த்துக் கொடுக்க முடியுமா என்று கேட்டாள். அவர் ஆடினாரே அது மாதிரி என்றாள்.

மாதிரி என்ற சொல்லை நான் பிடித்துக்கொண்டேன்.

என்னிடம் ஏழெட்டுக் கருவிகள் உண்டு. முதலில், மடக்கித் திறக்கிற சின்னக் கருவியில் விதைத்து, தண்ணீர் ஊற்றி, அறுவடை செய்கிற ஆட்டத்தைப் போட்டுக் கொடுத்தேன். யாரும் சாகாத ஆட்டம். புதியவர்களுக்கு நான் எப்போதும் முதலில் சொல்வது. ஒரே வாரத்தில் திருப்பிக் கொண்டுவந்தாள்.

"எங்க அப்பா நெலத்துலயே நான் களை எடுத்ததில்லண்ணே. இதுல போயி எடுக்கச் சொல்றீங்க."

அடுத்து, குட்டிகுட்டியாய் விலங்குகளைப் பிடித்து வளர்த்து மோதவிடும் ஆட்டம். பாவம், அதுகள் பாட்டுக்குப் புல்லில் இருக்கின்றன, எதற்குப் பிடித்துச் சண்டைக்கு விடுவது என்று கேட்டாள். மூன்றாவதாக, கதைக்காகவே கொண்டாடப்படும் ஒன்று. பக்கம் பக்கமாக ஆங்கிலம். டியூட்டி முடிந்து பஸ்ஸில் அதைப் படித்தபடியே தூங்கி, மூலக்குளத்தில் இறங்காமல் வில்லியனூர் வரை போய்விட்டாளாம். பஸ் பிடித்துத் திரும்பி வந்த கையோடு என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

நான்காவதை நான் எடுத்து வைத்தபோது அதைக் கையில் வாங்கவில்லை.

"அண்ணே, நீங்க எனக்கு நல்லதாப் பாத்துப் பாத்து குடுக்கறீங்க. எனக்கு நல்லது வேணாம். அவரு ஆடினது வேணும்."

அது ஓடவில்லை என்று சொன்னேன். பேட்டரி போயிருக்கும், பழைய சாமான் என்றேன். முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னேன். சரி என்று போய்விட்டாள். ஒருவரை இத்தனை வருடம் வழிகாட்டி என்று நாலு பேர் சொன்னால், வழியை மறைக்கவும் அவருக்கு நன்றாக வரும்போல.

அதற்கு அடுத்த மாதம் ஒரு ஞாயிறு. பூசை முடிந்து நேரே வந்திருக்கிறாள், தலையில் முக்காடு கூட இறங்கவில்லை. சமோசா வாங்கி வந்திருந்தாள். மாடிக் கதவு திறந்தே இருந்தது. மேசைமேல் பாட்டில், பச்சை நுனியோடு நாலு குச்சி, துடைத்து வைத்த கேசட். மறைக்க நேரமில்லை. மறைத்திருந்தாலும் பயனில்லை, இருபத்தைந்து வருடம் ஸ்பிரிட்டில் ஊறிய மூக்கு அது. வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"ஓடாததுக்கு எதுக்குண்ணே ஸ்பிரிட்டு?"

நான் சமோசாப் பொட்டலத்தை வாங்கி வைத்தேன். உட்காரச் சொன்னேன். மின்விசிறியைப் போட்டேன்.

அவள் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மெதுவாகத்தான் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வராண்டாவில் உட்கார்ந்து காய் நறுக்குவாளாம். அவன் உள்ளே கூடத்தில் வராண்டாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்து நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துவிடுவானாம். ஒரு வாரம் தப்பாமல். சண்டை போட்டுப் பார்த்தாள், பிறகு கேட்பதை விட்டுவிட்டாள்.

"இருவத்திரண்டு வருஷம் எனக்கு அவரு முதுகத்தான் தெரியும். அப்படித் திரும்பிக்கிட்டு என்னத்தப் பாத்தாருன்னு ஒரு தடவ பாத்துட்டுப் போயிடறேன். அவ்ளோதாண்ணே."

கேசட்டைப் போட்டு, நாலு பென்சில் பேட்டரி மாற்றி, பழைய சாம்பல் கருவியை அவளிடம் கொடுத்தேன். கொடுக்கும்போது ஒரே ஒரு எச்சரிக்கை. திறந்ததும் இரண்டு வரி இருக்கும், அதில் புது ஆட்டம் என்று இருப்பதை மட்டும் தொட்டுவிடாதே, தொட்டுவிட்டு சத்திரத்தில் படுத்தால் அவன் கடைசியில் நிற்கிற இடம் போய்விடும் என்றேன். தலையாட்டினாள். நானே இயக்கிக் காட்டியிருக்கலாம். பொய் வெளுத்த கூச்சத்தில் அவள் சீக்கிரம் கிளம்பினால் போதும் என்றிருந்தது.

தமிழில் சொன்னேன். திரையில் பிரெஞ்சு. அது எனக்கு உறைக்கவே இல்லை. அந்த இரண்டு வரிகளை நான் ஒருநாளும் படித்ததில்லை. மேலே இருப்பது நாங்கள் தொடுவது, கீழே இருப்பது தொடாதது. கைக்குத் தெரிந்ததை வாய்க்குச் சொல்லித் தர மறந்திருந்தேன்.

இரண்டு வாரம் அவளிடமிருந்து பேச்சில்லை. போன் செய்ய எடுப்பேன், வைத்துவிடுவேன். குழுவில் யாரோ எதிலிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டிருந்தார். முதன்முறையாகப் பதில் போடாமல் விட்டேன்.

ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வந்தாள். அன்றுதான் வேலையிலிருந்து விடுவித்த காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறாளாம். கைப்பையிலிருந்து, துண்டில் சுற்றிய கருவியை எடுத்தாள். ரத்தப் பரிசோதனைக்குழாயை நீட்டுவதுபோல் இரு விரலால் பிடித்து நீட்டினாள். முகம் ஒரு மாதிரித் தெளிந்திருந்தது.

இயக்கினேன். ஆறு மணி நேரம், பதினேழு நிமிடம்.

இருநூற்றுப் பதினொன்று இல்லை. ஆறு. சத்திர வாசல் இல்லை, கோட்டை இல்லை. ஆட்டத்தின் முதல் கிராமம். கிணற்றடியில் மரக்கத்தியோடு ஒரு சின்ன ஆள். அவனுக்கு நாலெழுத்தில் ஒரு பெயர். நண்பனை வீட்டில் அவள் கூப்பிடும் பெயர் அதுவென்று எனக்குத் தெரியும்.

எதை அமுக்கினாய் என்று கேட்டேன். குரல் சாதாரணமாகத்தான் வந்தது.

"புது ஆட்டத்த நான் தொடலண்ணே. தேடித் தேடிப் பாத்தேன், அப்படி ஒண்ணு இல்லவே இல்ல. ழேன்னாத்தானே ஆட்டம்? ழேன்னு எங்கயும் போடல. ரெண்டே வரி. மேல கோந்தினுவே, தொடரவும்னு. கீழ, நுவெல் பர்த்தின்னு."

நுவெல் என்றால் செய்தி என்று அவளே அர்த்தமும் சொன்னாள். கோயிலில் பிரெஞ்சுப் பூசையில் நற்செய்தி வாசிக்கும்போது வாராவாரம் அவள் காதில் விழுகிற சொல். பர்த்தி என்றால் போய்விட்டது. அவர்கள் வீட்டுக்குப் பிரான்சிலிருந்து சாவுச் செய்தி வரும்போதெல்லாம் போனில் வருகிற சொல் அதுதான்; அத்தை பர்த்தி, பெரியம்மா பர்த்தி என்பார்கள். ஆக, போய்விட்டவரின் செய்தி. இரண்டு வரியில் ஒன்று தொடரவும், ஒன்று போய்விட்டவர் விட்ட சேதி. புருசனைப் பறிகொடுத்த பெண் எதைத் தொடுவாள்?

கீழ் வரி எதுவென்று என் கைக்குத் தெரியும்; அங்கே நுவெலுக்குப் புதிய என்று அர்த்தம், பர்த்திக்கு ஆட்டம் என்று அர்த்தம், இரண்டும் சேர்ந்தால் நீ தொடக் கூடாதென்று நான் சொன்ன அதுவேதான் என்று சொல்ல நாக்கு வரைக்கும் வந்தது.

அவள் பேசிக்கொண்டே போனாள். கொண்டுபோன அன்றே என் வீட்டு வாசல் வெயிலில் நின்று அமுக்கினாளாம்; திரை கறுத்து, பெயர் என்ன என்று கேட்டதாம். யாரோ எதிரே நின்று கேட்பது போல இருந்ததாம். பெயரைப் போட்டாளாம். பிறகு தன் வீட்டு வராண்டாவில் உட்கார்ந்து ஆடப் பார்த்தால் திரையில் ஒன்றுமே தெரியவில்லை.

"கெட்டுப் போச்சின்னு நெனச்சிட்டேண்ணே. இப்படி வச்சேன், அப்படி வச்சேன், ஒண்ணுந் தெரியல. அப்பறம் வெயில் மேல வுழட்டும்னு உள்ள போயி, வராண்டாவுக்கு முதுகக் காட்டி உக்காந்தேன். பளிச்சின்னு வந்திடுச்சி."

அந்தத் திரைக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. பழைய கருவி. தோளுக்குப் பின்னாலிருந்து வெயில் விழுந்தால்தான் படம் தெரியும். அந்த வீட்டில் வெயில் வருவது வராண்டா வழியாக மட்டும். முப்பது வருடமாக எனக்குத் தெரிந்த விஷயம். யாருக்கும் சொல்ல வேண்டிய ஒன்றாக அது ஒருநாளும் தோன்றியதில்லை.

"வெளிச்சத்துக்குத்தாண்ணே திரும்பி உக்காந்திருக்காரு" என்றாள். மின்விசிறி ஓடியது. கீழே வில்லியனூர் ரோட்டில் ஒரு பஸ் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு போனது.

"சரியாத்தானே போறேன்? அவரு கடைசில நிக்கறாருன்னு சொன்னீங்களே. நான் மொதல்லேர்ந்து நடந்து போயிட்டிருக்கேன்."

சரியாத்தாம்மா போற என்று சொல்லி, கருவியை அவளிடமே திருப்பிக் கொடுத்தேன்.

அவள் போன பிறகு நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். கோபம் வரவில்லை, அதற்கும் தெம்பு வேண்டும். அவன் கேட்டது ஒன்றே ஒன்று, அதைக் காப்பாற்றவில்லை. நகல் எடுத்திருக்கலாம். இயக்கிக் காட்டியிருக்கலாம். முதல் நாளே உண்மையைச் சொல்லியிருந்தால், இரண்டு பேரும் பக்கத்தில் உட்கார்ந்து அவன் நிற்கிற வாசலைப் பார்த்திருக்கலாம். இருநூற்றுப் பதினோரு மணி நேரம். அது இப்போது எங்கேயும் இல்லை, என் தலையைத் தவிர. இரண்டு வருடம் நான் அதைக் காவல் காத்தேன், ஆடவில்லை. ஒரு காவல்காரனுக்குக் காலியான வீட்டைப் பார்க்கும்போது வருகிற ஓய்வு போல ஒன்று, வெட்கத்தோடு கலந்து, உடம்பில் மெல்ல இறங்கியது. பாட்டிலை மூடி அலமாரியில் வைத்தேன்.

இன்னொன்றும் தோன்றியது, அது பிடிக்கவும் இல்லை. பதினைந்து வருடம் எத்தனையோ பேருக்குச் சொன்னேன்: ஒரே ஆட்டம், முதலிலிருந்து, அடுத்தவர் விட்ட இடத்திலிருந்து தொடராதீர்கள். அதைக் கேட்டு அப்படியே செய்த ஒரே ஆள், அதை நான் சொல்லாமல் விட்ட இவள்தான்.

கிளம்பும் நாளில் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். அண்ணன் தம்பி குடும்பம், ஆஸ்பத்திரிச் சிநேகிதிகள் என்று ஒரு கூட்டம். சென்னைக்கு பஸ், அங்கிருந்து விமானம். நான் கொண்டுபோனது பென்சில் பேட்டரி இரண்டு பெட்டி, பஞ்சுக்குச்சி ஒரு டப்பா, சின்ன பாட்டில் ஸ்பிரிட். பாட்டிலை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டாள். ஏர்போர்ட்டில் பிடுங்கிக்கொள்வார்கள், நர்சுக்கு அங்கே ஸ்பிரிட் கிடைக்காமலா போகும் என்று சிரித்தாள். பெட்டியெல்லாம் மேலே ஏறிவிட்டது. கருவி மட்டும் அதே துண்டில் சுற்றி மடியில் இருந்தது.

பஸ் நகரும்முன் சன்னல் கம்பிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். நடத்துனர் விசிலை வாயில் வைத்துவிட்டார். அவள் குனிந்தாள்.

"அவரு நிக்கற எடம் இன்னும் எவ்ளோ தூரம்ணே?"

"தூரந்தாம்மா. அவசரப்படாத. வெளிச்சம் இருக்கறப்ப மட்டும் ஆடு."

"அதுக்குத்தாண்ணே," என்றாள், "ஜன்னல் சீட்டாக் கேட்டு வாங்கியிருக்கேன்."